டிஃப் லாக்குக்கு கம்பெனி மாதிரியே டேஷ்போர்டு சுவிட்ச்: வயரிங்கில் நாலு சந்தேகம்

பின்னச்சு:

வணக்கம். பிக்கப் டிரக்கின் பின் அச்சில் எலக்ட்ரிக் டிஃப் லாக் (இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டுவது) ஏற்றியாயிற்று. கரண்ட் போனால் காந்தமாகும் காயில் வகை, மோட்டார் கிடையாது. அச்சுக் கூட்டிலிருந்து இரண்டு வயர் வெளியே வருகிறது. கிட்டோடு வந்தது உருண்டை டாகிள் சுவிட்ச். டேஷ்போர்டில் ஓட்டை போட்டால்தான் நிற்கும், அது வேண்டாம். ஃபாக் லேம்ப் சுவிட்ச்சுக்குப் பக்கத்தில் இரண்டு காலி மூடி இருக்கிறது. அந்த அளவிலேயே டிஃப் லாக் படம் போட்ட சுவிட்ச் ஒன்று வாங்கிவிட்டேன். பின்பக்கம் ஐந்து முனை. வரைபடம் எதுவும் வரவில்லை.

ஹெட்லைட் போட்டால் மற்ற சுவிட்ச்சுகளோடு இதுவும் மங்கலாக எரிய வேண்டும். லாக் போட்டால் தனி விளக்கு எரிய வேண்டும். கியர் லீவர் ஃபோர்-லோவில் (நான்கு சக்கர இழுவை, மெதுவான கியர்) இருந்தால் மட்டும் லாக் விழ வேண்டும். கேள்விகள் இவை:

1. இந்தச் சுவிட்ச்சே காயிலுக்கு நேரடியாகக் கரண்ட் கொடுக்கத் தாங்குமா?
2. ஐந்து முனையில் எது எது என்று எப்படிப் பிரிப்பது?
3. டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் அச்சுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) ஃபோர்-லோ சென்சார் வயர் ஒன்று இருக்கிறது, லீவரைத் தள்ளினால் எர்த் ஆகிறது. ரிலேயை (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் சுவிட்ச்) இதில் கட்டலாமா?
4. வயர் தடிமன், ஃப்யூஸ் எவ்வளவு?

காயில் மல்டிமீட்டரில் 3.4 ஓம் காட்டுகிறது. மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் 0.3.

செம்புக்கம்பி:

முனைகளைத் தொட்டுப் பார்த்தீர்களே, அதுதான் சரி. அப்படியானால் காயில் 3.1 ஓம். பேட்டரி 12.6 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும், எஞ்சின் ஓடி 14 வோல்ட் வந்தால் 4.5. டேஷ்போர்டு சுவிட்ச் இதை நேராகச் சுமக்கக் கூடாது. முதல் நாள் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் காயிலில் தேங்கிய சக்தி சுவிட்ச் தொடுமுனையில் பொறியாகப் பாயும், கொஞ்ச நாளில் தொடுமுனை கருகிவிடும். ரிலே போடுங்கள். நான்கு முனை அல்லது ஐந்து முனை, 30 ஆம்பியர் சாதாரண வண்டி ரிலே போதும்.

30: பேட்டரி பாசிட்டிவ், ஃப்யூஸ் வழியாக.
87: அச்சுக் காயிலின் ஒரு வயர்.
86: டேஷ்போர்டு சுவிட்ச்சிலிருந்து வரும் சிக்னல்.
85: எர்த் (ஃபோர்-லோ பூட்டை எங்கே வைப்பது என்பது தனிக் கதை).

ஐந்து முனை ரிலே என்றால் 87ஏ-வைச் சும்மா விடாதீர்கள். ரிலே விழாத நேரமெல்லாம் 30-ம் 87ஏ-வும் உள்ளே ஒட்டித்தான் இருக்கும், அதாவது அந்த வெற்று முனையில் எப்போதும் பேட்டரி நிற்கிறது. ஸ்லீவ் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் நான்கு முனை ரிலேயே வாங்கிவிடுங்கள். ரிலேக்குள்ளேயே டயோடு (ஒரே திசையில் மட்டும் கரண்ட் விடும் பாகம்) இருந்தால் 85, 86-ஐ மாற்றிக் கொடுக்கக் கூடாது, 86-தான் பாசிட்டிவ். மேலே அச்சடித்த படத்தில் முக்கோணக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

அச்சுக் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு கட்டாயம். 1என்5408 போதும். வெள்ளி வளையம் உள்ள பக்கம் 87 வயருக்கு, மறுபக்கம் எர்த்துக்கு. திருப்பிப் போட்டால் சுவிட்ச்சைத் தட்டிய அந்தக் கணமே ஃப்யூஸ் போகும், தப்பு உடனே தெரிந்துவிடும். டயோடே இல்லாததுதான் ஆபத்து. ரிலே தொடுமுனை பொறியில் குழி விழுந்து, ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். சுவிட்ச் அணைந்திருக்கும், டிஃப் பூட்டியே இருக்கும், தார் ரோட்டு வளைவில் பின் டயர் இரண்டும் கீச்சிடும்போதுதான் தெரியும்.

ஃப்யூஸ் 10 ஆம்பியர், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள். வயர் 2 சதுர மி.மீ. இது 5 மீட்டர் ஓடினாலும் ஏறத்தாழ 0.04 ஓம்தான், 4 ஆம்பியரில் 0.2 வோல்ட்டுக்குள் இழப்பு. 0.75 போட்டாலும் ஓடும்தான். ஆனால் வண்டிக்கு அடியில் சேறும் கல்லும் அடிக்கிற இடத்தில் மெல்லிய வயர் எனக்குப் பிடிக்காது.

எர்த் வயரை அச்சுக் கூட்டில் திருகிவிட்டுப் போகாதீர்கள். அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே இருப்பது ரப்பர் புஷ். அச்சு எதன் வழியாக எர்த் ஆகிறது என்பது அன்றன்றைக்கு மாறும். இரண்டாவது வயரைச் சேசிஸ் வரை கொண்டுவந்து, பெயின்ட்டைச் சுரண்டி, ரிங் டெர்மினலில் போல்ட் போடுங்கள். ஏன் இவ்வளவு கறார் என்றால், காயில் சூடேறினாலே மின்தடை கூடும். டிஃப் ஆயில் 100 டிகிரி தொட்டால் உங்கள் 3.1 ஓம், 4.1 ஓம் பக்கம் போய்விடும். கரண்ட் 4.5-லிருந்து 3.4-க்கு இறங்கும். இதற்கு மேல் துருப்பிடித்த எர்த் ஒரு ஓம் சேர்த்தால் 2.7. காந்த இழுவிசை ஏறத்தாழ கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் அந்த ஒரு ஓம் மட்டுமே பிடியில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். "காலையில் பூட்டுது, மதியம் நழுவுது" என்று வருகிற புகாரில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இருட்டு_டேஷ்:

இரண்டாவது கேள்விக்கு வர்றேன்.

சுவிட்ச்சை வண்டியில் மாட்டாம மேஜையில் வெச்சுக்குங்க. மீட்டர் கண்டினியூட்டியில். ஐந்து முனைக்கு பத்து ஜோடி வரும். சுவிட்ச்சை அழுத்தாம பத்தையும் தொட்டு எழுதுங்க, அப்புறம் அழுத்திட்டு மறுபடி பத்து. எந்த ஜோடி புதுசா பீப் அடிக்குதோ அதுதான் தொடுமுனை. இங்கேயே ரெண்டு விஷயம் கவனிக்கணும். அழுத்திப் பிடிச்சிருக்கும்போது மட்டும் பீப் வந்து, விட்டதும் போயிடுச்சுன்னா அது மொமென்ட்டரி சுவிட்ச். ஈசியூவுக்கு (வண்டியோட கம்ப்யூட்டர்) ஒரு தட்டு தட்டிச் சொல்ல மட்டும்தான் அது லாயக்கு, வெறும் ரிலே அதில் நிற்காது. பீப்பே வராம சில நூறு ஓம் காட்டினா உள்ளே ரெசிஸ்டர் வெச்ச சுவிட்ச், ஒரே வயரில் பல பட்டனை ஈசியூ அடையாளம் காணுற வகை. ரெண்டையும் திருப்பிக் கொடுத்துட்டு, அழுத்தினா உள்ளேயே நிக்கிற, நேர் தொடுமுனை உள்ள சுவிட்ச் வாங்குங்க.

மிச்ச மூணு முனை விளக்குக்கு. 12 வோல்ட் பாசிட்டிவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணைத் தொடரா வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ஜோடியா தொடுங்க. ரெசிஸ்டர் இருக்கிறதால தப்பான முனையைத் தொட்டாலும் எல்இடி போகாது. படம் எரிஞ்சா இல்லுமினேஷன், சின்னப் புள்ளியோ பட்டையோ எரிஞ்சா இண்டிகேட்டர். ரெண்டுக்கும் பொதுவா வர்ற முனை நெகட்டிவ்.

இல்லுமினேஷனை எங்கே கட்டுறதுங்கிறதுக்குப் பக்கத்து ஃபாக் லேம்ப் சுவிட்ச்சே வாத்தியார். பார்க்கிங் லைட் போட்டு, டிம்மர் சக்கரத்தை மேலும் கீழும் உருட்டிக்கிட்டே அதோட ரெண்டு இல்லுமினேஷன் வயரையும் சேசிஸுக்கு எதிரா அளங்க. எந்த வயரில் வோல்ட் மாறுதோ அந்தப் பக்கம்தான் டிம்மர். பாசிட்டிவ் பக்கம் மாறினா கவலையில்லை, அதையே எடுத்துக்கலாம், நெகட்டிவ் சேசிஸுக்கு. நெகட்டிவ் பக்கம் மாறினா சொல்லுங்க, உங்க அஞ்சு முனை சுவிட்ச்சில் ஒரு சிக்கல் வரும்.

நேர்வழி:

ஃபோர்-லோ வயர் எர்த் ஆகிறதல்லவா? 85-ஐ அதிலேயே கட்டிவிடுங்கள். நடுவில் ஒரு 1என்4007 டயோடு, வளையம் சென்சார் பக்கம். வேலை முடிந்தது.

செம்புக்கம்பி:

நேர்வழி சொல்வது பழைய வண்டிக்குச் சரி, எல்லா வண்டிக்கும் இல்லை. மீட்டரை வைக்காமல் கட்ட வேண்டாம்.

இக்னிஷன் ஆன், லீவர் டூ-ஹையில் (சாதாரண இரு சக்கர இழுவை), அதாவது சென்சார் திறந்திருக்கும் நிலையில், கனெக்டரைக் கழற்றாமலே அந்த வயரில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பாருங்கள்.

12 பக்கம் நின்று, ஃபோர்-லோ விளக்கும் பழைய குண்டு பல்ப் என்றால்: விளக்கிலிருந்து வரும் கரண்ட்தான் அது. ரிலே காயில் இழுப்பது 150 மில்லி ஆம்பியர் சொச்சம், சின்ன பல்ப் அளவு. சென்சார் தாங்கும். இங்கே அந்த டயோடு வேண்டும், ஏனென்றால் அது இல்லாவிட்டால் டேஷ் விளக்கின் 12 வோல்ட் பின்வாசல் வழியாக வரும்: பல்ப், ரிலே காயில், உங்கள் சுவிட்ச் இண்டிகேட்டர் எல்இடி, எர்த். சுவிட்ச் அணைந்திருக்கும்போதே எல்இடி மின்மினி மாதிரி மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். பலர் சுவிட்ச் பழுது என்று மாற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

5 வோல்ட் நின்றால்: அது ஈசியூ உள்ளீடு. இங்கே டயோடு உதவாது. திசையைப் பாருங்கள்: ரிலேயிலிருந்து சென்சார் வயருக்குக் கரண்ட் போக விடும்படிதான் அது வைக்கப்படுகிறது. சுவிட்ச்சைப் போட்டு, லீவர் ஃபோர்-லோவில் இல்லாதபோது, உங்கள் 12 வோல்ட் ரிலே காயிலைத் தாண்டி, டயோடையும் தாண்டி, 5 வோல்ட் முனைக்குள் நுழையும். ஈசியூ முனை தாங்கினால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் ஃபோர்-வீல் டிரைவ் எச்சரிக்கை விளக்கு மின்னிக்கொண்டு டிரான்ஸ்ஃபர் கேஸே மாற மறுக்கும். அதோடு ஈசியூவுக்கென்று வைத்த சென்சார் தொடுமுனை சில மில்லி ஆம்பியருக்குத்தான் செய்யப்பட்டிருக்கும்.

பின்னச்சு:

அளந்தேன். ஃபோர்-லோ வயரில் 4.9 வோல்ட். ஆக ஈசியூதான்.

ஃபாக் லேம்ப் சுவிட்ச்சில் ஒரு வயர் அசையாமல் 12.3. மற்றது டிம்மரை உருட்டினால் 0.2-லிருந்து 7 வரை போகிறது. ஆக நெகட்டிவ் பக்க டிம்மர். சுவிட்ச் அழுத்தினால் உள்ளே நிற்கிறது, நேரடி பீப். இரண்டு எல்இடிக்கும் நெகட்டிவ் ஒன்றே. டிரான்ஸ்ஃபர் கேஸ் கை லீவர்தான், பட்டன் இல்லை.

இருட்டு_டேஷ்:

நினைச்ச மாதிரியே. பொது நெகட்டிவை டிம்மர் வயரில் கட்டினீங்கன்னா இண்டிகேட்டரும் டிம்மரோட ஆடும். பகலில் டிம்மர் வயர் எர்த்தே கொடுக்காத வண்டியும் உண்டு, அதில் லாக் விளக்கு பகல் முழுக்க எரியவே எரியாது. எது தெரியணுமோ அதுவே தெரியாது.

அதனால பொது நெகட்டிவ் சேசிஸுக்கே. இல்லுமினேஷன் பாசிட்டிவை அந்த 12.3 வயரில் கட்டுங்க, நடுவில் ரெசிஸ்டர். டிம்மரை நீங்க வழக்கமா வெக்கிற இடத்தில் வெச்சு, 1 கிலோ ஓமில் ஆரம்பிச்சு 2.2, 4.7ன்னு மாத்தி, பக்கத்து சுவிட்ச்சோட வெளிச்சத்துக்குச் சமமாகிற மதிப்பில் நிறுத்துங்க. டிம்மரை உருட்டினா இது மட்டும் மாறாது. அந்த ஒரு குறை பொறுத்துக்க வேண்டியதுதான். இதை இருட்டின பிறகு பண்ணுங்க, பகலில் கண் ஏமாத்தும்.

இண்டிகேட்டர் பாசிட்டிவ் தனி முனையா இருக்கிறது நல்ல அதிர்ஷ்டம். அதைச் சுவிட்ச் வெளியீட்டில் கட்டாதீங்க, ரிலேயின் 87-லிருந்து மெல்லிய வயர் கொண்டுவந்து கட்டுங்க. சுவிட்ச்சில் கட்டினா "நான் பட்டனை அழுத்தினேன்"னு மட்டும் சொல்லும். 87-லிருந்து எடுத்தா அச்சுக்குக் கரண்ட் போகுதுன்னு சொல்லும். ஃபோர்-லோவில் இல்லைன்னா எரியாது. செம்புக்கம்பி சொன்ன மாதிரி ரிலே ஒட்டிக்கிட்டா சுவிட்ச் அணைஞ்ச பிறகும் எரிஞ்சு காட்டிக்கொடுக்கும். அந்த மெல்லிய வயருக்கு 87 பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃப்யூஸ், இல்லாட்டி டேஷுக்குள்ள ஷார்ட் ஆனா 10 ஆம்பியர் ஃப்யூஸ் போறதுக்கு முன்னாடி வயர் உருகும்.

இதுவும் டிஃப் பூட்டிருச்சுன்னு சொல்லாது, கவனம். காயிலுக்குக் கரண்ட் போனாலும் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவில் கொஞ்சம் சுற்று வித்தியாசம் வந்தால்தான் உள்ளே பல் பிடிக்கும். டிஃபுக்குள்ளேயே நிலை உணரும் சுவிட்ச் இருந்தால்தான் உண்மையான "பூட்டியது" விளக்கு. உங்களுடையதில் ரெண்டே வயர், அதனால அது இல்லை.

செம்புக்கம்பி:

4.9 வோல்ட் என்றால் அந்த வயரைத் தொடவே வேண்டாம். கை லீவர் இருக்கிறதே, அதுதான் உங்களுக்கு வசதி. லீவர் ஃபோர்-லோவுக்குப் போகும்போது தொடுகிற மாதிரி, நீர் புகாத மைக்ரோ சுவிட்ச் ஒன்று, சாதாரணமாகத் திறந்திருக்கும் வகை, கன்சோலுக்கு அடியில் ஒரு எல் தகட்டில் பொருத்துங்கள். ஃபோர்-ஹையில் தொடாமல், ஃபோர்-லோ பள்ளத்தில் முழுசாக விழுந்த பிறகே கிளிக் ஆகும்படி துளையை நீள்துளையாக வெட்டினால் சரிசெய்ய வசதி.

இணைப்பு வரிசை: இக்னிஷன் 12 வோல்ட், 3 ஆம்பியர் ஃப்யூஸ், மைக்ரோ சுவிட்ச், டேஷ்போர்டு சுவிட்ச், 86. 85 நேராக எர்த். வயர் எங்கே அறுந்தாலும் லாக் விழாது, அந்தப் பக்கம்தான் பழுது சாய வேண்டும்.

லீவர் இல்லாமல் பட்டனில் மாறும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: அங்கே 5 வோல்ட் வயரைப் படிக்க இரண்டு டிரான்சிஸ்டர் போதும். சென்சார் வயரிலிருந்து 47 கிலோ ஓம் வழியாக பிசி547-ன் பேஸ். அதன் கலெக்டருக்கு 12 வோல்ட்டிலிருந்து 2.2 கிலோ ஓம். அதே கலெக்டர் பிடி139-ன் பேஸுக்கு. பிடி139-ன் கலெக்டர் ரிலே 85-க்கு. இரண்டு எமிட்டரும் எர்த். 47 கிலோ ஓம் இருப்பதால் ஈசியூவுக்குப் பாரம் தெரியாது. ரிலே காயிலுக்குக் குறுக்கே டயோடு இல்லாவிட்டால் முதல் அணைப்பிலேயே பிடி139 போகலாம். இதில் ஒரு ஓட்டை: 47 கிலோ ஓம் வயர் கழன்றுவிட்டால் சுற்று அதை "ஃபோர்-லோ" என்று எடுத்துக்கொள்ளும், தடை நீங்கி எந்த கியரிலும் லாக் விழும். அதனால்தான் லீவர் உள்ள வண்டிக்கு மைக்ரோ சுவிட்ச்சே மேல் என்கிறேன்.

இக்னிஷன் சப்ளையை ஃப்யூஸ் டேப் போட்டு எடுப்பதானால் திசை முக்கியம். இரண்டு ஃப்யூஸுக்கும் பொதுவான கால், பெட்டியில் பேட்டரி வரும் பக்கம் அமர வேண்டும். ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு இரண்டு பள்ளத்தையும் அளந்தால் எதில் 12 வருகிறதோ அதுதான். திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும், ஆனால் உங்கள் கரண்ட்டும் பழைய ஃப்யூஸ் வழியாகவே போகும்.

நேர்வழி:

ஈசியூ விஷயம் ஒப்புக்கொள்கிறேன், 12 வோல்ட் சென்சாரை மனதில் வைத்துச் சொன்னது.

அடிப்பக்க வயர் பற்றி யாரும் சொல்லவில்லை. அச்சுக்குப் போகும் பிரேக் ஹோஸ் எந்த வழியில் தொங்குகிறதோ அதே வழியில் வயரையும் கொண்டுபோங்கள். அச்சு முழுக்கக் கீழே தொங்கும்போது இழுபடாத அளவு தளர்வு அங்கே ஏற்கனவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஹோஸின் மேல் டை போட்டு இறுக்காதீர்கள், தளர்வாகப் பிடிக்கும் கிளிப் போடுங்கள். சைலன்சர் குழாயிலிருந்து ஒரு சாணாவது தள்ளி. அச்சுப் பக்கம் ரப்பர் சீல் உள்ள கனெக்டர், கிரிம்ப் செய்து, உள்ளே பசை தடவிய ஸ்லீவ். அசையும் இடத்தில் சாலிடர் வேண்டாம், ஈயம் முடிகிற இடத்தில் இழைகள் விறைத்து ஒடியும்.

கனெக்டரைத் திறந்தால் உள்ளே கியர் ஆயில் பளபளத்தால் சீல் போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். டிஃபுக்குள் இருக்கும் முனையிலிருந்து ஆயில் செப்பு இழைகளுக்கு நடுவே, உறைக்குள்ளேயே ஊர்ந்து வெளியே வரும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. அந்த ஒரு இடத்தில் மட்டும், அசையாதபடி கட்டிவிட்டு, இழைகளில் ஈயம் நிரப்பினால் நிற்கும்.

செம்புக்கம்பி:

சோதனை. முன் சக்கரங்களுக்குக் கட்டை, பின் அச்சு ஸ்டாண்டில், இரண்டு சக்கரமும் காற்றில். எஞ்சின் அணைத்து இக்னிஷன் ஆன், ஃபோர்-லோ, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் விடுவித்து. லாக் இல்லாமல் ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். சுவிட்ச்சைப் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். கொஞ்சம் போய் டக்கென்று நின்று, இரண்டும் அசையாது. அணைத்தால் உடனே விடாது, பல்லில் இறுக்கம் இருக்கும். சக்கரத்தைச் சற்றே எதிர்ப்பக்கம் அசைத்தால் விடும். ரோட்டிலும் அப்படித்தான், நேராக ஒரு முழம் முன்னும் பின்னும் உருட்டினால் விட்டுவிடும். வண்டியின் ஏபிஎஸ்-க்கு இந்த லாக் இருப்பதே தெரியாது என்பதால் வேகத்தில் போட வேண்டாம். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போதும் போடக் கூடாது, பல் சிதறும்.

பிறகு எஞ்சின் ஓட, லாக் போட்ட நிலையில், கனெக்டரைக் கழற்றாமல் அச்சுப் பக்க இரண்டு முனைக்கும் நடுவே அளங்கள். பேட்டரியில் உள்ளதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எங்கோ இணைப்பு மோசம். பாசிட்டிவ் பக்கமா எர்த் பக்கமா என்று பிரிக்க, ஒரு மீட்டர் முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதைக் காயில் எர்த் வயரிலும் வைத்துப் பாருங்கள்.

பின்னச்சு:

மாட்டியாயிற்று. பேட்டரி 14.1, அச்சில் 13.2. எர்த் பக்கம் மட்டும் 0.7 காட்டுகிறது.

செம்புக்கம்பி:

0.7 வோல்ட், 4 ஆம்பியர் சொச்சம், ஏறத்தாழ 0.16 ஓம். வயர் மட்டும் இவ்வளவு தராது. ரிங் டெர்மினலுக்குக் கீழே பெயின்ட் மிச்சம் இருக்கும், இல்லையென்றால் கிரிம்ப் இறுகவில்லை. மீட்டர் முனையை ரிங்கின் மேல் ஒரு தடவை, சேசிஸ் வெற்று இரும்பில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். எந்தத் தாவலில் வோல்ட் குறைகிறதோ அங்கேதான்.

பின்னச்சு:

ரிங்குக்கும் இரும்புக்கும் நடுவேதான். சுரண்டி, பல் வாஷர் போட்டு, மேலே கிரீஸ் தடவினேன். எர்த் பக்கம் இப்போது 0.1.